தலைக்காயமும் மூளை வீக்கமும்

‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பது நம் முன்னோர் மொழி. அந்தச் சிரசில் அடிபட்டால் உள்ளே என்ன நிகழ்கிறது, அருகில் இருப்போர் செய்ய வேண்டியது என்ன என்பதை நம்மில் பெரும்பாலோர் அறியோம். நானும் அறியாதவனாகவே இருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நேர்ந்த விபத்தொன்றே இதைப் பற்றிப் படிக்க என்னைத் தூண்டியது.

என் தாய்மாமன் தம் எட்டு வயது மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில், குறுக்கே ஓடி வந்த மாட்டின் மீது மோதி விழுந்தார். இருவர் தலையிலும் கவசம் இல்லை. மாமா விழுந்த இடத்திலேயே நினைவிழந்தார். சிறுவனோ தானே எழுந்து நின்றான், அழுதான், “அப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டான். அவன் நெற்றியில் ஒரு புடைப்பு மட்டுமே இருந்தது. ஒரு சொட்டு இரத்தமும் வரவில்லை. கூடியிருந்தவர்கள் அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மாமாவை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்ற நாங்கள், அவனை வீட்டிற்கு அனுப்பிவிட்டோம். மாலையில் அவன் இருமுறை வாந்தி எடுத்தான்; தலை வலிக்கிறது என்றான். “பயந்திருக்கிறான், தூங்கட்டும்” என்று விட்டுவிட்டோம். இரவு பத்து மணிக்குச் சாப்பிட எழுப்பியபோது அவன் எழவில்லை.

மாமா மூன்றாம் நாள் இறந்தார். சிறுவன் ஒன்பதாம் நாள் கண் விழித்தான். அந்த நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்த என்னிடம் மருத்துவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, இரண்டு பேருக்கும் வந்தது ஒன்றுதான், மூளை வீக்கம். அப்பாவுக்கு உடனே வந்தது. பையனுக்கு மெதுவாக வந்தது. மெதுவாக வந்ததால்தான் நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.” அந்த நேரத்தில் ஒரு பகுதியை நாங்கள் வீட்டில் வீணாக்கியிருந்தோம் என்பதை அவர் சொல்லவில்லை, நானே உணர்ந்தேன். விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் படித்தறிந்தவற்றை என் நண்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூடிய பெட்டி

கை வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கிறது. கன்னம் வீங்கினால் வெளியே தெரிகிறது. மூளை வீங்கினால் அது விரிவதற்கு இடமில்லை. முழு வளர்ச்சி பெற்ற மனிதனின் மண்டையோடு, எல்லாப் பக்கமும் எலும்பால் மூடப்பட்ட ஒரு பெட்டி. அதன் அடிப்புறத்தில் தண்டுவடம் இறங்கிச் செல்லும் பெருந்துளை ஒன்றே குறிப்பிடத்தக்க வாயிலாகும்.

இப்பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 1,500 மில்லி லிட்டர். அதில் மூளைத் திசு சுமார் 80 விழுக்காடு. இரத்தம் சுமார் 10 விழுக்காடு. மூளையைச் சூழ்ந்தும் அதன் அறைகளுக்குள்ளும் இருக்கும் மூளைத் தண்டுவட நீர் சுமார் 10 விழுக்காடு. எடின்பரோவைச் சேர்ந்த உடற்கூற்றியல் பேராசிரியர் அலெக்சாண்டர் மன்றோ 1783 ஆம் ஆண்டிலும், அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கருத்துகளே இத்துறைக்கு அடிப்படை. பெட்டியின் அளவு மாறாதது. உள்ளிருக்கும் பொருள்கள் நசுங்கிச் சுருங்கும் தன்மை அற்றவை. ஆகவே ஒன்று அதிகமானால் மற்றொன்று குறைந்தே தீர வேண்டும் என்பது அக்கருத்தின் சாரம். இதனை இன்றும் மன்றோ-கெல்லி கோட்பாடு என்றே வழங்குகின்றனர்.

மூளை சற்று வீங்கத் தொடங்கியதும் மூளைத் தண்டுவட நீரின் ஒரு பகுதி தண்டுவடப் பக்கம் இறங்கி இடங்கொடுக்கிறது. அடுத்துச் சிரைகளில் உள்ள இரத்தம் வெளியே பிதுக்கப்படுகிறது. இவ்விரண்டும் நடைபெறும்வரை உள்ளழுத்தம் அதிகம் உயர்வதில்லை. நோயாளி பேசுகிறார், நடக்கிறார். விட்டுக்கொடுக்க வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகு, சிறிதளவு வீக்கமும் அழுத்தத்தைச் செங்குத்தாக ஏற்றிவிடுகிறது. விளிம்புவரை நிறைந்த குடத்தில் ஒரு குவளை நீர் ஊற்றினால் அவ்வளவும் வழிவதைப் போன்றது இது. குடத்திலேனும் நீர் வழிய இடமுண்டு. மண்டையோட்டில் அதுவும் இல்லை. எங்கள் சிறுவன் மாலைவரை பேசிக்கொண்டிருந்ததும், இரவில் திடீரென எழாமற்போனதும் இதனால்தான் என்று இப்போது அறிகிறேன்.

முதற் காயமும் இரண்டாம் காயமும்

தலைக்காயத்தை மருத்துவர்கள் இரண்டாகப் பிரித்துக் கூறுவர். மோதிய அந்தக் கணத்தில் எலும்பு உடைவதும், நரம்பிழைகள் அறுபடுவதும், இரத்தக் குழாய் கிழிவதும் முதற் காயம். இதனை எந்த மருத்துவராலும் திருப்ப இயலாது. வராமல் தடுக்க மட்டுமே இயலும். அதன் பிறகு மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் தொடர்ந்து நிகழும் வீக்கமும், இரத்தக் குறைவும், பிராணவாயுக் குறைவும் இரண்டாம் காயம். மருத்துவத்தின் போர் முழுவதும் இந்த இரண்டாம் காயத்தோடுதான்.

மூளை எவ்வாறு வீங்குகிறது? இகோர் கிளாட்சோ என்னும் அறிஞர் 1967 ஆம் ஆண்டில் இதனை இரு வகையாகப் பகுத்தார். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கண்ட பொருளையும் வெளியே விடாதபடி நெருக்கமாக அமைந்தது. அடிபட்டதும் அச்சுவர் பழுதடைந்து, இரத்தத்தின் நீரும் புரதமும் திசுக்களுக்கிடையே கசிகின்றன. இது முதல் வகை. பிராணவாயுவும் குளுக்கோசும் குறையும்போது, உயிரணுக்கள் சோடியத்தை வெளியேற்றும் ஆற்றலை இழக்கின்றன. சோடியம் உள்ளே தங்க, அதனைத் தொடர்ந்து நீரும் உள்ளே புகுந்து அணுக்களே ஊதிப் பெருக்கின்றன. இது இரண்டாம் வகை. கடுமையான தலைக்காயத்தில் இவ்விரண்டும் கலந்தே காணப்படும். வீக்கம் சில மணி நேரத்தில் தொடங்கிப் பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சமடைகிறது.

வீக்கம் என்பது வேறு, இரத்தக் கட்டி என்பது வேறு. மண்டையோட்டிற்கும் மூளை உறைக்கும் இடையிலோ, உறைக்கு அடியிலோ கசிந்த இரத்தம் கட்டியாகத் திரண்டு மூளையை அழுத்துவதும் உண்டு. அதனை உடனே அறுவை செய்து எடுத்துவிட்டால் நோயாளி பிழைக்க வழியுண்டு. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டின் அடையாளங்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே எதுவாயினும் விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே அறிவுடைமை.

அழுத்தம் ஏறினால் என்ன கேடு?

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆயினும் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது ஒன்றே செலவிடுகிறது. இவ்வளவு தேவையுடைய உறுப்புக்குச் சில நிமிடங்கள் இரத்தம் நின்றாலும் அழிவுதான்.

மூளைக்குள் இரத்தத்தைச் செலுத்தும் விசையை ஒரு கழித்தல் கணக்கால் அறியலாம். தமனி இரத்தத்தின் சராசரி அழுத்தத்திலிருந்து மண்டையோட்டின் உள்ளழுத்தத்தைக் கழித்தால் வருவதே அவ்விசை. சராசரி அழுத்தம் 90 மில்லி மீட்டர் பாதரசம், உள்ளழுத்தம் 10 எனில், விசை 80. உள்ளழுத்தம் 40 ஆக உயர்ந்தால் விசை 50 ஆகக் குறைகிறது. அப்போது உடலின் இரத்த அழுத்தமும் வீழ்ந்துவிட்டால் மூளை பட்டினி கிடக்க நேரிடும். பட்டினி கிடக்கும் அணுக்கள் மேலும் வீங்குகின்றன. வீங்க வீங்க இரத்தம் மேலும் குறைகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழலே நோயாளியைக் கொல்வது. கடுமையான தலைக்காயமுற்றோரில், சுருங்கும்போதைய இரத்த அழுத்தம் 90க்குக் கீழ் ஒருமுறை இறங்கினாலும் இறப்போர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிக்கிறது என்று 1993 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. காலில் ஓடும் இரத்தத்தை ஒரு துணியால் அழுத்தி நிறுத்துவதுகூட மூளையைக் காக்கும் செயலே என்பதை இதிலிருந்து உணரலாம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், 1900-1901 ஆம் ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கரின் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். உள்ளழுத்தம் ஏறும்போது உடல் தன் இரத்த அழுத்தத்தை உயர்த்தி எப்படியாவது மூளைக்கு இரத்தம் செலுத்த முயல்கிறது என்று அவர் கண்டார். இரத்த அழுத்தம் உயர்வது, நாடி மெதுவாவது, மூச்சு சீர் கெடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றினால் அது மூளையின் இறுதிக் கூக்குரல் எனலாம். முடிவில் மூளையின் ஒரு பகுதி இடம் பெயர்ந்து, மூச்சையும் இதயத்தையும் ஆளும் மூளைத் தண்டினை அழுத்துகிறது. வழியில் மூன்றாம் கபால நரம்பு நசுங்குவதால் ஒரு கண்ணின் பாவை விரிந்து, விளக்கொளி பட்டாலும் சுருங்காமல் நிற்கிறது. மருத்துவர்கள் அடிக்கடி கண் இமையைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பது இதற்காகவே. மாமாவைக் கொண்டு சேர்த்தபோதே அவருடைய ஒரு பாவை விரிந்திருந்தது.

குழந்தையும் பெரியவரும்

குழந்தை என்பது உருவில் சிறிய பெரியவர் அன்று. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு; வளர்ந்தவருக்கோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பெரிய தலை, வலுவற்ற கழுத்து, மெல்லிய எலும்பு. ஆகவே விழும்போது தலையே முதலில் மோதுகிறது. அதிர்ச்சியும் மூளை முழுவதும் பரவுகிறது.

கைக்குழந்தையின் தலையில் உச்சிக்குழி திறந்திருக்கும். எலும்புகளின் இணைப்புகளும் இறுகியிரா. உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் மூடுகிறது. “குழந்தை மண்டை விரிந்து கொடுக்கும், பயமில்லை” என்று சொல்வோர் உண்டு. மெதுவாகப் பெருகும் நீருக்கு அது ஓரளவு விரிந்து கொடுக்கும். சில மணி நேரத்தில் ஏறும் வீக்கத்திற்கு அந்த இடம் போதாது. ஆயினும் உச்சிக்குழி நமக்கு ஓர் அடையாளம் தருகிறது. அழாமல் அமைதியாக நிமிர்த்தி வைத்திருக்கும் குழந்தையின் உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தால் உள்ளழுத்தம் ஏறியிருக்கலாம்.

சிறுவர்களிடம் மற்றொரு வேறுபாடும் உண்டு. பெரியவர்களுக்கு இரத்தக் கட்டியும் நசுங்கிய திசுவும் அதிகம் காணப்பட, சிறுவர்களுக்கு மூளை முழுவதும் ஒருசேர வீங்குவது அதிகம். பிலடெல்பியாவைச் சேர்ந்த டெரெக் புரூஸ் குழுவினர் 1981 ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதினர். 16 வயதுக்குட்பட்டோரிடம் இப்பரவலான வீக்கம் பெரியவர்களைப் போல இருமடங்கு காணப்படுவதாக 1992 ஆம் ஆண்டில் மற்றோர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. சிறுவர் மூளைக்குள் இரத்தம் மிகுதியாகப் பாய்வதே காரணம் என்று முதலில் கருதினர். அக்கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. தலைக்காயத்தில் மூளை பருப்பதற்கு இரத்தத்தைவிடத் திசுக்களில் சேரும் நீரே பெருங்காரணம் என்று 2000 ஆம் ஆண்டில் அந்தோணி மர்மரோ குழுவினர் அளந்து காட்டினர். காரணம் பற்றிய கருத்து மாறினாலும், நடைமுறைப் பாடம் மாறவில்லை. முதலில் நன்றாகப் பேசிய சிறுவன் சில மணி நேரங்கழித்து மோசமாகக்கூடும் என்பதே அப்பாடம்.

“இளம் மூளை, தானே சரியாகிவிடும்” என்பதும் முழு உண்மையன்று. வளர்ந்தவர் கற்றதை இழக்கிறார். குழந்தையோ இனிமேல் கற்க வேண்டியதற்கான கருவியிலேயே அடிபடுகிறது. ஆகவே குறை சில ஆண்டுகள் கழித்துப் பாடங்கள் கடினமாகும்போது வெளிப்படக்கூடும்.

அளந்தறியும் முறைகள்

“நினைவு தப்பிவிட்டது” என்று சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் கொள்வர். இதனைச் சீராக்க, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இருவரும் 1974 ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என உச்ச மதிப்பெண்கள். முழு நினைவுடையவருக்கு 15. எதற்கும் அசையாதவருக்கு 3. எட்டும் அதற்குக் குறைவும் கடுமையான காயம். பேசத் தெரியாத குழந்தைகளுக்குச் சிரிப்பு, அழுகை ஆகியவற்றைக் கொண்டு பேச்சு மதிப்பெண்ணை மாற்றி அமைத்துக்கொள்வர். இந்த அளவுகோலுக்கு எந்த எந்திரமும் வேண்டியதில்லை என்பதே இதன் பெருமை. ஒருமுறை எடுத்த எண்ணைவிட, மணிக்கு மணி அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

உயிருள்ளவரின் மூளையை வெட்டாமல் காண உதவியது சி.டி. ஸ்கேன். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவியில் 1971 ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். ஆலன் கார்மாக்குடன் அவர் 1979 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வீங்கிய மூளையின் படத்தில் நடுவிலுள்ள நீரறைகள் சிறுத்து, மடிப்புகளுக்கிடையேயுள்ள கருங்கோடுகள் மறைந்திருக்கும்.

உள்ளழுத்தத்தை நேரே அளக்க, மண்டையோட்டில் சிறு துளையிட்டு மெல்லிய குழாயை மூளையறைக்குள் செலுத்துவர். சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் லுண்ட்பர்க் 1960 ஆம் ஆண்டில் இம்முறையை நிலைநாட்டினார். பெரியவருக்கு 22 மில்லி மீட்டருக்கு மேலும், சிறுவருக்கு 20க்கு மேலும் ஏறினால் சிகிச்சை வேண்டும் என்று 2016, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியான வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எல்லா ஊரிலும் இவ்வசதி இல்லையே என்று நான் கவலையுற்றேன். 2012 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. தென்னமெரிக்காவில் பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் 324 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அழுத்தத்தை அளந்தும், மறு பிரிவினருக்கு ஸ்கேனையும் உடற்குறிகளையும் கூர்ந்து கவனித்தும் சிகிச்சையளித்தனர். இரு பிரிவினரின் முடிவிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விழிப்பான கண்காணிப்பும் ஒரு கருவியே என்பது தெளிவாயிற்று.

சிகிச்சை

தமிழ்நாட்டில் இத்துறைக்கு நல்ல அடித்தளம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 ஆம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950 ஆம் ஆண்டில் டாக்டர் பி. இராமமூர்த்தியும் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினர்.

மூளை வீக்கத்துக்கான சிகிச்சை எளிய செயல்களில் தொடங்குகிறது. மூச்சுப் பாதை அடைபடாமல் காப்பது, பிராணவாயு தருவது, இரத்த அழுத்தம் வீழாமல் பார்ப்பது, தலைமாட்டை 30 பாகை உயர்த்திக் கழுத்தை நேராக வைப்பது, காய்ச்சலையும் வலிப்பையும் அடக்குவது ஆகியவை முதற்படிகள். தலையை உயர்த்தினால் சிரை இரத்தம் எளிதில் இறங்கும். அடுத்து மன்னிட்டால் கரைசலோ செறிவு மிக்க உப்புக் கரைசலோ சிரை வழியே செலுத்தப்படும். இரத்தத்தின் செறிவு உயர்வதால், திசுவிலுள்ள நீர் சவ்வூடு பரவல் முறையில் இரத்தத்திற்கு இழுக்கப்படுகிறது. ஊறுகாய் மாங்காயில் உப்பிட்டதும் நீர் வெளியேறுகிறதே, அதே தத்துவந்தான்.

இவையெல்லாம் பயன்படாதபோது மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி, மூடிய பெட்டியைத் திறந்துவிடுவர். இது முழு வெற்றி தரும் வழி என்று நினைத்தேன். 408 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்து 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உண்மையை உணர்த்தியது. ஆறு மாத முடிவில் எலும்பு அகற்றப்பட்டோரில் இறந்தவர் 26.9 விழுக்காடு; மருந்து மட்டும் பெற்றோரில் 48.9 விழுக்காடு. ஆனால் உயிரிருந்தும் உணர்வில்லாமற் கிடந்தோர் முதற் பிரிவில் 8.5 விழுக்காடு, இரண்டாவதில் 2.1 விழுக்காடு. உயிரைக் காப்பதும் வாழ்வைக் காப்பதும் ஒன்றல்ல. மாமாவுக்கு இவ்வறுவையைப் பற்றிப் பேச்செழுந்தபோது மருத்துவர் ஏன் அத்தனை தயங்கி, அத்தையிடம் அத்தனை நேரம் விளக்கினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

நல்லதென்று தோன்றுவதெல்லாம் நல்லதல்ல என்பதற்கும் இத்துறை சான்று கூறுகிறது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தலைக்காயத்திற்கும் உதவும் என்று பல ஆண்டுகள் நம்பிக் கொடுத்து வந்தனர். 10,008 பெரியவர்களைக் கொண்டு நிகழ்ந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு வாரத்தில் மருந்து பெற்றோரில் 21.1 விழுக்காட்டினரும், பெறாதோரில் 17.9 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். உடலைக் குளிர்வித்தால் மூளை காக்கப்படும் என்று எண்ணி 225 சிறுவர்களிடம் செய்த சோதனை 2008 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குளிர்விக்கப்பட்டோரில் இறந்தவர் 21 விழுக்காடு. மற்றவரில் 14 விழுக்காடு. குளிர்வித்ததால் நன்மை விளையவில்லை. செயற்கையாக வேகமாக மூச்சுவிடச் செய்து கரியமிலவாயுவைக் குறைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் குறையும். கூடவே இரத்தமும் குறைந்துவிடும். ஆகவே இன்று அதனை அவசரத்தில் சிறிது நேரத்திற்கு மட்டுமே கையாள்கின்றனர். எண்ணிப் பார்க்காமல் நம்பக்கூடாது என்ற அறிவியல் மாணவனுக்குரிய பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனைக் கூடமும் எனக்குக் கற்பிக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

தலையில் அடிபட்டவர் பேசுகிறார் என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கொள்ளலாகாது. இரத்தம் வெளிவராதது நல்ல அடையாளமும் அன்று. கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

1. சிறிது நேரமேனும் நினைவு தப்புதல், நடந்ததை மறத்தல், தொடர்பில்லாமல் பேசுதல்.
2. மீண்டும் மீண்டும் வாந்தி. வரவர அதிகமாகும் தலைவலி.
3. எழுப்பினால் எளிதில் விழிக்காத உறக்கம்.
4. வலிப்பு, ஒரு கை அல்லது கால் தளர்தல், கண்பாவைகள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபடுதல்.
5. காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்.
6. குழந்தையானால் பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, புடைத்த உச்சிக்குழி.

மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக்கூடாது. அது மூச்சுக் குழாயில் இறங்கும். அவரைத் தூக்கி உட்கார வைத்து உலுக்கக்கூடாது, கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். மூச்சு தடையின்றி வருகிறதா என்று பார்த்து, தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். வாந்தி வந்தால் தலையை மட்டும் திருப்பாமல் உடலோடு சேர்த்து ஒருக்களிக்க வேண்டும். இரத்தம் பீறிடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருத்துவர் பார்த்து வீட்டிற்கு அனுப்பினாலும், அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பார்த்துப் பேச வைக்க வேண்டும்.

போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமோ என்ற அச்சத்தால் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். உதவி செய்வோரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது.

தலைக்கவசம்

முதற் காயத்தைத் தடுப்பதே தலைசிறந்த மருந்து என்றேன். இதற்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் அரேபியப் பாலைவனத்தில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாள் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் செல்கையில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களைத் தவிர்க்கத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவற்றிருந்து மே 19 ஆம் நாள் தம் 46 ஆம் வயதில் மறைந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். போர்க்களத்தில் பிழைத்த ஒருவர் சாலையில் மடிந்தது அவர் உள்ளத்தைத் தைத்தது. மோட்டார் சைக்கிளில் செல்வோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரிட்டிஷ் இராணுவத்தில் செய்தி கொண்டு செல்லும் வீரர்கள் கவசம் அணிவது அதன் பிறகு கட்டாயமாயிற்று. பிரிட்டனில் எல்லோருக்கும் அது கட்டாயமானது 1973 ஆம் ஆண்டில்தான்.

நம் நாட்டில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் கவசம் அணிய வேண்டும் என்கிறது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் நான்கு வயதுக்கு மேற்பட்ட சிறுவரையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கவசம் மோட்டார் சைக்கிளில் செல்வோரின் இறப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டனர். இவ்வளவு பயன் தரும் மருந்து எந்த மருத்துவமனையிலும் இல்லை.

முடிவுரை

எங்கள் சிறுவன் இப்போது மீண்டும் பள்ளிக்குச் செல்கிறான். பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் முன்பு விரல் விடாமல் சொன்ன வாய்ப்பாட்டை இப்போது நடுவில் மறக்கிறான். சிறு சத்தத்திற்கும் சினங்கொள்கிறான். மாலை நேரத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அவன் தடுமாறும்போதெல்லாம், அன்று மாலை வீட்டில் கழிந்த அந்த ஐந்தாறு மணி நேரம் என் நினைவுக்கு வருகிறது. முன்னரே கொண்டு சென்றிருந்தால் முழுவதும் நலமாயிருப்பானா என்று மருத்துவரைக் கேட்டேன். “அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை யாருக்காவது நேர்ந்தால், நீ காத்திருக்க மாட்டாய் அல்லவா?” என்றார்.

நண்பர்களே! நம் கல்லூரிக்கு இருசக்கர வண்டியில் வருவோர் பலர். தம்பி தங்கையைப் பின்னால் ஏற்றி வருவோரும் உண்டு. வண்டியில் ஏறும்போது கவசத்தைக் கையில் மாட்டிக்கொள்ளாமல் தலையில் அணிவோம். பின்னால் அமரும் சிறுவனுக்கும் ஒன்று வாங்குவோம். யாரேனும் விழுந்து, எழுந்து, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னால், அச்சொல்லை நம்பி விட்டுவிடாமல் அன்றிரவு முழுவதும் அவரைக் கவனிப்போம். மருத்துவமனை வாசலில் நின்று நான் கற்ற பாடத்தை நீங்கள் இந்த மலரிலேயே கற்றுக்கொண்டால் என் முயற்சி பயன்பெற்றதாகும்.